மணியின் கழுத்தில் தொங்கிய சீட்டு

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்கு, நாய்களைத் தண்ணீருக்குள் நடக்கவைக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. அதே மாதம் நான் வேலையை விட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பதினோரு ஆண்டுகள் நாற்பது கிலோ, ஐம்பது கிலோ நாய்களைத் தூக்கி இறக்கியதில் என் கீழ்முதுகில் ஒரு டிஸ்க் விலகிவிட்டது. இனி எடை தூக்கும் வேலை வேண்டாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வயதில் ‘ரிட்டயர்டு’ என்று சொல்லிக்கொள்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் அந்த இயந்திரத்தின் கண்ணாடிச் சுவரைத் துடைத்துக்கொண்டே, இது இல்லாமல் இத்தனை வருடம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஒரு நாய் வந்துவிடுகிறது. எழுதித் தருகிறேன் என்றேன். இது அவர்களுக்காக எழுதியது. பெரிய நாய் வளர்க்கிறவர்கள் படித்தாலும் பயன்படும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் படித்தது மனிதர்களுக்கான பிசியோதெரபி. படித்து முடித்ததும் ஒரு வருடம் திருப்பூரில் டெய்லர்களின் கழுத்தையும் அயர்ன் செய்பவர்களின் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கோகிலா அங்கே நோயாளியாகத்தான் வந்தார். கால்நடை அறுவை மருத்துவர். பெரிய நாய்களைத் திருப்பித் திருப்பித் தோள் போயிருந்தது. மூன்றாம் நாள் சிகிச்சையின்போது, இதே வேலையை நாய்களுக்குச் செய்வீர்களா என்று கேட்டார். சரி என்றேன். அடுத்த ஆறு மாதம் நாயின் எலும்பையும் தசையையும் புத்தகத்தில் படிக்கவைத்தார். உயிருள்ள நாயைத் தொட அனுமதி இல்லை.

திருமுருகன்பூண்டியைத் தாண்டி இருக்கிறது எங்கள் மருத்துவமனை. பக்கத்துப் பட்டறைகளில் நாள் முழுக்கக் கல் செதுக்கும் சத்தம். புதிதாக வரும் நாய்கள் முதலில் காதை விறைத்துக்கொள்ளும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். டாக்டர் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்க மாட்டார். அவருக்கு மூன்று விதிகள் உண்டு. ஒன்று, வந்த நாயை முதல் ஐந்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. இரண்டு, வளர்ப்பவர் பேசும்போது நாம் பார்க்க வேண்டியது நாயை. மூன்று, ‘வலி’ என்ற சொல்லை நாம் முதலில் எடுக்கக் கூடாது. எடுத்தால் வளர்ப்பவர் அதற்கப்புறம் சொல்வதெல்லாம் அந்தச் சொல்லைச் சுற்றியே இருக்கும்.

அவர் நாய்களிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். “வாங்க, நடங்க பாக்கலாம்” என்பார் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டிடம். “திரும்புங்க. இப்ப உக்காருங்க.” ஒருமுறை ஒரு சாயப்பட்டறை முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க டாக்டர், எனக்குக்கூட எங்க ஊட்ல இத்தன மரியாதை கெடைக்கறதில்லீங்களே?”

டாக்டர் நிமிராமல் சொன்னார்: “நீங்க கடிக்க மாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குங்க.”

நடக்கும்போது அவர் பார்ப்பவற்றை நான் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவுகிறதா. உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரிகிறதா. முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் இருக்கிறதா. படிக்கட்டின் முன்னால் ஒரு கணம் நின்று யோசிக்கிறதா. இதில் முதலாவதுதான் அதிகம் ஏமாற்றும். குட்டி முயல் மாதிரித் தாவித் தாவி ஓடுகிறது என்று வீட்டில் எல்லாரும் சிரித்து, போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் படங்களை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்ப்போம். அவர்கள் சிரிக்கும் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

இடுப்பு மூட்டில் நடப்பது இதுதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பிலுள்ள கிண்ணத்தில் ஆழமாக உட்கார வேண்டும். சில பெரிய நாய்களுக்குப் பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல், பிடிப்புத் தளர்ந்து இருக்கும். அதோடு எடையும் கூடினால் ஒவ்வொரு அடியிலும் உருண்டை விளிம்பில் உரசும். கிண்ணத்தை நம்மால் ஆழப்படுத்த முடியாது. எடையைக் குறைக்கலாம். சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தலாம். வழுக்காத தரை கொடுக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை அளவோடு கொடுக்கலாம். என் பதினோரு வருட வேலை இந்த நான்குக்குள் அடங்கும்.

மருந்து என்றதும் நினைவுக்கு வருவது ஒரு நூல் வியாபாரி. தன் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைத் தன் நாய்க்கும் கொடுத்திருந்தார். அன்பில் செய்ததுதான். மூன்றாம் நாள் நாய் கறுப்பாகக் கழிந்தது, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. அவர் நான்கு நாளும் வாசல் பெஞ்சை விட்டு நகரவில்லை. நாய் பிழைத்தது. மாத்திரை கொடுத்தீர்களா என்று முதல் நாள் நான் கேட்டபோது இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. “உங்க ஊட்ல யாருக்கு மூட்டுத் தொந்தரவு?” என்று கேட்பேன். பதில் தானாக வந்துவிடும். புதிதாக வந்திருப்பவர்களும் இப்படியே கேளுங்கள். பெரிய இனக் குட்டிக்கு டாக்டர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றுகிறார்களா என்பதையும் இதே மாதிரிச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். எலும்பு பலமாகும் என்று நினைத்து ஊற்றுவார்கள். வளர்கிற மூட்டை அது கெடுக்கும்.

இனி மணி.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் சம்பத் அண்ணா தன் கம்பெனி வேனில் ஒரு லேப்ரடாரைக் கொண்டுவந்தார். நான்கு பேர் ஒரு துணி விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். இரண்டரை வயது. எடை நாற்பத்தேழு கிலோ இருநூறு கிராம். அந்த உடம்புக்கு முப்பத்தாறுக்குள் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்று மணி என்று வைத்ததாகச் சொன்னார். விரிப்பை இறக்கியதும் மணி எழ முயன்றான். ஒரே ஒரு சத்தம் வந்தது. நீளமில்லை, உரக்கவும் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

மயக்கம் கொடுத்து மூட்டை ஆட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தோம். வலப்பக்க உருண்டை பாதிதான் கிண்ணத்துக்குள் இருந்தது. இடப்பக்கம் அதற்கும் குறைவு.

சம்பத் அண்ணா அதிகம் பேசுகிறவர் இல்லை. எக்ஸ்ரேயைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசினார். “தெனமும் காலைல எந்திரிக்கறப்ப இந்தச் சத்தம் போடறானுங்க. கீழ கம்பெனி, மேல ஊடு. எனக்கு மேல கேக்குது. வேற ஒரு பக்கம் காட்டுனோம். ஊசி போட்டு அனுப்பிட்டா அவனுக்கு நல்லதுன்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாத்தா எனக்கும் அதுதான் நாயம்னு படுதுங்க.”

அறுவை செய்து அந்த உருண்டைத் தலையை எடுத்துவிடலாம். ஆனால் அப்புறம் உடம்பைத் தாங்க வேண்டியது தசைதான், மணிக்குத் தொடையில் தசையே இல்லை என்று டாக்டர் அவருக்கு விளக்கினார். பிறகு கொஞ்ச நேரம் மணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“பன்னெண்டு வாரம் குடுங்க,” என்றார். “எடை நாப்பத்திரண்டுக்குக் கீழ வரட்டும். தொடைல சதை ஏறட்டும். அதுக்கப்பறமும் எந்திரிக்கறப்ப இவரு கத்துனாருன்னா, நீங்க சொல்றதப் பேசலாம்.”

“கத்தாம எந்திரிச்சாப் போதுங்களா?”

“அது போதுங்க.”

“பன்னெண்டு வாரங்க,” என்றார் சம்பத் அண்ணா. “அதுக்கு மேல அந்தச் சத்தத்தக் கேக்க என்னால முடியாது.”

திட்டத்தை நான் எழுதினேன். வலி மருந்து டாக்டர் சொன்ன அளவில். தரைக்கு ரப்பர் மேட். பாத மயிரும் நகமும் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மொசைக் தரையில் பிடி கிடைக்காது. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஐந்தைந்து நிமிடம் கயிற்றில் பிடித்து மெதுவாக நடக்க வேண்டும். உட்கார்ந்து எழும் பயிற்சி. துணி ரோலின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய்களைத் தரையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கித் தாண்டவைக்க வேண்டும்; பின்னங்காலை மடக்கித் தூக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வீட்டில் சாப்பாட்டை அளந்து போட சம்பத் அண்ணாவின் மனைவிக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

எடை பார்க்க ஒவ்வொரு முறையும் வேனில் தூக்கி வர வேண்டாம் என்று, கம்பெனியில் துணி எடை போடும் தராசையே பயன்படுத்தச் சொன்னேன். திங்கட்கிழமைதோறும் மணி அதன் மேல் ஏறி உட்காருவான். துணி வரவு எழுதும் பையன்கள் பழக்க தோஷத்தில், ரோல்களின் எடைக்குக் கீழே அவன் எடையையும் அதே நோட்டில் எழுதி வைத்தார்கள்.

முதல் வாரம் நாற்பத்தேழு. நல்ல தொடக்கம். இரண்டாம் வாரம் நாற்பத்தேழு கிலோ அறுநூறு கிராம். தராசில் கோளாறு என்று நினைத்தேன். எடை தெரிந்த ரோலை வைத்துப் பார்க்கச் சொன்னேன், தராசு சரியாக இருந்தது. பிறகு சம்பத் அண்ணாவின் மனைவிக்குப் போன் செய்து, டம்ளர் கோட்டைத் தாண்டிப் போடுகிறீர்களா என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை. “அளந்துதானுங்க போடறேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிற்பாடு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாவது திங்கட்கிழமை நாற்பத்தேழு தொள்ளாயிரம். அன்று விடுப்புப் போட்டுவிட்டு, காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை கம்பெனிக்குள் ஒரு ஸ்டூலில் நோட்டோடு உட்கார்ந்தேன்.

எண்பது பேர் வேலை செய்யும் இடம் அது. எட்டு நாற்பதுக்கு அயர்ன் மேசையில் பாதி பன். ஒன்பது மணிக்குப் பேக்கிங்கில் இரண்டு பிஸ்கட். பத்தரை டீ இடைவேளையில் வரிசையாக ஆறு பேர்: வர்க்கி, வர்க்கி, பருப்பு வடை, பன், ரஸ்க், மறுபடி வர்க்கி. மதியம் தயிர்சாதம் மூன்று டப்பாவிலிருந்து. கட்டிங்கில் ரொட்டி. இப்படிச் சாயங்காலத்துக்குள் இருபத்து மூன்று முறை. எல்லாரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: தான் கொடுப்பது ஒரே ஒரு வாய்தான் என்று. அது உண்மையும்கூட.

செக்கிங் மேசையில் ஸ்டெல்லா அக்கா இருந்தார். திசையன்விளைப் பக்கம், கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இருபது வருடம். “நான் ஒருத்திதான் பிள்ள இவனக் கவனிக்கேன்,” என்றார். “வேற யாரு ஒரு வாய் கொடுக்கா?” அப்போது மணியின் மீசையில் பேக்கிங் பிஸ்கட்டின் தூள் ஒட்டியிருந்தது.

யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சம்பத் அண்ணா போர்டு மாட்டினார். மறுநாளே மெஷினுக்கு அடியில் ரகசியமாகக் கொடுத்தார்கள். மேலே மாடியில் கட்டிப்போட்டுவிடலாமா என்றார். கட்டிப்போட்டால் இருக்கிற தசையும் போய்விடும். எனவே நான் ஒரு அட்டை செய்தேன். பன்னிரண்டு கட்டங்கள். கொடுக்கிறவர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் அடுத்தவர் கையை இழுத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி அதை மணியின் கழுத்துப் பட்டையில் கட்டினேன்.

நான்காவது திங்கட்கிழமை நாற்பத்தெட்டு நானூறு.

அட்டைகளைப் பார்த்தேன். மூன்று நாளும் பன்னிரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. இரண்டு அட்டைகளில் பின்பக்கம் ஸ்கேல் வைத்து இன்னும் ஆறு கட்டம் வரைந்து அதையும் நிரப்பியிருந்தார்கள். மெஷினுக்கு அடியில் ரகசியமாகக் கொடுப்பதும் நிற்கவில்லை. சனிக்கிழமை அட்டையின் கடைசிக் கட்டத்தில் நேரம்கூட எழுதியிருந்தது, ஐந்து இருபத்தைந்து.

ஸ்டெல்லா அக்காவிடம் அட்டையை நீட்டினேன். அவருக்கு என் கோபம் புரியவில்லை. “கட்டம் காலியா கெடந்தா லைன் நிக்குன்னுல்லா அர்த்தம்,” என்றார். “சூப்பர்வைசர் வந்து கேப்பாரு. அஞ்சே காலுக்குப் பாத்தேன், ஒண்ணு பாக்கி. இவனத் தேடிப் பிடிச்சுக் கொடுத்துட்டுத்தான் பஞ்ச் பண்ணப் போனேன்.”

நான் வேலை செய்யும் இடத்தில் கட்டம் என்றால் நடந்ததன் பதிவு. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் கட்டம் என்றால் டார்கெட். இது எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு வாரம் போய்விட்டது, எட்டுதான் பாக்கி.

அன்று மாலை டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். இருபத்து மூன்று வரியையும் மெதுவாகப் படித்தார். அவர்கள் மேல் கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எண்பது பேரு ஒரு நாய்க்காக நேரம் ஒதுக்கறாங்க,” என்றார். “நம்மகிட்ட இருக்கறது நீங்க ஒரே ஆளுங்க. அவங்களை நிறுத்த வேண்டாம். வேலை குடுங்க.”

வேலை எப்படிக் கொடுப்பது என்பதை மறுநாள் ஸ்டெல்லா அக்காதான் சொன்னார். கட்டிங் முடிந்த துணித் துண்டுகளைக் கட்டுக் கட்டாகத்தான் தைக்க அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு தொங்கும். அதில் கை, கழுத்து, அடிமடிப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு. வேலையை முடித்தவர் தன் துண்டைக் கிழித்து, கூலிக் கணக்குக்காகத் தன் நோட்டில் ஒட்டிக்கொள்வார். “கட்டம் போட்டா நெறப்பத்தான் தோணும்,” என்றார் அக்கா. “கிழிக்கிற மாதிரி வையி பிள்ள. துண்டு தீந்தா வேலை தீந்துட்டு. யாரு போய்க் கேட்டாலும் இல்லதான்.”

அப்படியே செய்தோம். மணியின் அன்றைய சாப்பாட்டில் ஒரு பங்கைக் காலையில் சம்பத் அண்ணாவின் மனைவி பத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவார். அவனுடைய தீவனமும் வேகவைத்த கேரட்டும். பொட்டலங்கள் ஸ்டெல்லா அக்காவின் மேசையில் ஒரு டப்பாவில் இருக்கும். மணியின் கழுத்தில் பத்துத் துண்டுகள் உள்ள சீட்டு தொங்கும். ஒரு துண்டைக் கிழித்துக் கொண்டுபோனால் ஒரு பொட்டலம் கிடைக்கும். சும்மா இல்லை. துண்டில் வேலையின் பெயரும் உண்டு. ஏழு துண்டில் ‘உட்கார்ந்து எழு’. மூன்று துண்டில் ‘குழாய் தாண்டு’. வேலையைச் செய்யவைத்தபின்தான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

இரண்டே நாளில் அது கம்பெனியின் வேலை முறையாகிவிட்டது. உட்காரும்போது மணி ஒரு பக்கமாகச் சரிந்தால் அக்கா மேசையிலிருந்தே “ஆல்டர்” என்பார். தையல் கோணிய பீஸைத் திருப்பி அனுப்பும்போது சொல்லும் அதே சொல், அதே குரல். மறுபடி எழுப்பி நேராக உட்காரவைக்க வேண்டும். கட்டிங்கில் ராகேஷ் என்று ஒரு பீகார்காரர். அட்டைக் குழாய்களைச் சாக்பீஸ் கோட்டில் ஒரே இடைவெளியில் அடுக்குவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். “ஏக், தோ, தீன்” என்று எண்ணுவார், மணி எண்ணிக்கைக்கு ஒரு காலாகத் தூக்குவான். நான் தமிழில் எண்ணினால் நின்றுகொண்டான். சீட்டு தீர்ந்தபின் மணி டீ குடிக்கிறவர்கள் முன்னால் போய் நின்றால், கழுத்தில் மிஞ்சிய வெறும் நூலைக் காட்டி “ஷிப்மெண்ட் போயிருச்சு சாமி, நாளைக்கு வா” என்று அனுப்பிவிடுவார்கள்.

ஐந்தாவது வாரம் நாற்பத்தேழு ஐந்நூறு. ஆறாவது வாரம் நாற்பத்தாறு எழுநூறு. அதற்குப் பிறகு நிற்காமல் இறங்கியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொடையை டேப்பால் அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்க வேண்டுமே என்று கொஞ்சம் மயிரை மழித்து அடையாளம் வைத்திருந்தேன். நடக்கும்போது பின்னங்கால்கள் தனித்தனியாக வர ஆரம்பித்தன. காலைச் சத்தம் மட்டும் போகவில்லை. தினமும் உண்டா என்று நான் கேட்பேன். சம்பத் அண்ணா தலையை மட்டும் ஆட்டுவார்.

எட்டாவது வாரக் கடைசியில் நான்கு நாள் சத்தம் இல்லை. ஒன்பதாவது வாரம் மழை. ஷட்டர் பக்கம் தண்ணீர் உள்ளே வந்து ஒரு மேட் நகர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மணி வழுக்கி, பின்னங்கால் இரண்டும் பிளந்து விழுந்தான். காலையில் சம்பத் அண்ணா போன் செய்தார்.

“அம்மிணி, மறுபடியும் கத்துனானுங்க. மொதல்ல கத்துனதவிட ஜாஸ்தி. நாம அவனப் போட்டுப் பாடாப் படுத்தறமோ?”

டாக்டரை அழைத்துக்கொண்டு போனேன். மூட்டு நழுவவில்லை, தசைப் பிடிப்புதான். ஐந்து நாள் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, வெளியே போய்வர மட்டும் நடத்த வேண்டும். சீட்டில் வேலையே இல்லாத ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் டீ இடைவேளையில் இரண்டிரண்டு பேராக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரும் வர்க்கி கொண்டுவரவில்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை. மேட்டுகளின் விளிம்பைத் தரையோடு ஒட்டும் வேலையை ராகேஷ் முடித்திருந்தார்.

ஆறாம் நாள் இரண்டு துண்டோடு தொடங்கினோம். பிறகு நான்கு. பதினோராவது வாரத்தில் மறுபடி பத்து.

பன்னிரண்டாவது வாரம் முடிந்த புதன்கிழமை சம்பத் அண்ணா மணியைக் கூட்டிவந்தார். இந்த முறை விரிப்பு இல்லை. வேனிலிருந்து சாய்வுப் பலகையில் நடந்தே இறங்கினான். எங்கள் தராசில் நாற்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். தொடைச் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. அளந்து முடித்ததும் மணி அறையின் மூலையில் காலை நீட்டிப் படுத்துவிட்டான். நாங்கள் மூவரும் மேசையில் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சம்பத் அண்ணாவின் முகம் இறுகியிருந்தது. “நாப்பத்திரண்டுக்குக் கீழன்னு சொன்னீங்க. முந்நூறு கிராம் தாண்டி இருக்குதுங்களே.” காலையில் கத்தினானா என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்றார் அவர். வழுக்கி விழுந்ததிலிருந்து சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து, விடிவதற்கு முன்பே எழுந்து வெளியே நடக்கப் போய்விடுவதாகச் சொன்னார். திரும்பி வரும்போது மணி நின்றுகொண்டிருப்பான். எப்படி எழுந்தான் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்றார்.

நான் ஒன்பதாவது வாரத்து ஐந்து நாளைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடினேன். எடை இறங்கிய வளைகோட்டைக் காட்டினேன், டேப் அளவைக் காட்டினேன். டாக்டர் முந்நூறு கிராமை மன்னிக்கலாம் என்றார், ஆனால் எழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தன்னால் எதுவும் சொல்ல முடியும் என்றார். சரி, எழுப்பிப் பார்ப்போம் என்று மூன்று பேரும் திரும்பினோம்.

மூலை காலியாக இருந்தது. மணி கதவுப் பக்கம் நின்று, வெளியே கல் செதுக்கும் சத்தத்துக்குக் காதைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

சம்பத் அண்ணா மூலையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். “எப்ப எந்திரிச்சான்?”

நான் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை.

“சத்தமே கேக்கலீங்களே,” என்றார் அவர்.

சம்பத் அண்ணா தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

“அடுத்து எந்தத் தேதிங்க வர்றது?”